குளிர்க்காரரும் துவக்குக்காரியும்

எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் காலையில் என் கணவர் இரண்டு ஊர்களின் வெப்பநிலையை உரத்து வாசிப்பார். முதலாவது நாங்கள் இருந்த மெல்பேர்ன். இரண்டாவது, எங்களுக்கு அப்போது எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத பிரிஸ்பேன். கைபேசியை முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில் "மெல்பேர்ன், நாலு" என்பார். கொஞ்சம் பொறுத்து, கலியாணவீட்டுக் குரலில் "பிரிஸ்பேன், பத்தொன்பது" என்பார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே "ஓம்" என்பேன். அவ்வளவுதான். அவருக்கும் அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் எதையும் நேரே கேட்கிற ஆள் இல்லை. பகிடியாகச் சொல்லுவார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் மறுநாளும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும், கோப்பியைக் குடித்துவிட்டு, "இந்தக் கோப்பிக்காகவே திரும்ப வரலாம்" என்றுதான் சொன்னாராம். அதற்குச் சம்மதம் என்று பொருள் என்பது எங்கள் வீட்டாருக்கு விளங்க இரண்டு கிழமை பிடித்தது.

அப்படிப்பட்டவர், அங்கே குளிர்காலம் தொடங்குகிற ஒரு ஜூன் மாதக் காலையில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே கேட்டார்.

"இஞ்சேரும், எனக்கு பஸ் ஓடிற வேலையும் முடிஞ்சுது. பிள்ளையும் சிட்னிக்குப் போட்டாள். இனியும் ஏன் இந்த ஐஸ்பெட்டிக்குள்ள கிடக்கிறம்? குயின்ஸ்லாந்துக்கு, பிரிஸ்பேன் பக்கம் போவமே?"

நான் யோசிக்காமல் கேட்டேன்: "அப்ப என்ர துவக்கு?"

துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். என்னிடம் ஒன்று இருந்தது. லைசன்ஸ் எடுத்து, பதிந்து, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த சின்ன ரைபிள். ஐம்பது மீட்டர் தள்ளி ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ள கறுப்பு வட்டத்தை நோக்கிச் சுடுவதைத் தவிர அதை வைத்து நான் எதுவும் செய்ததில்லை. ஒரு முயலைக்கூட வெருட்டியதில்லை. வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவள் நான்.

எல்லாவற்றுக்கும் காரணம் என்னோடு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரத் தோழி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நாள் முழுக்க இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து நுணுக்குக்காட்டிக்குள் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் என் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உன் கை நடுங்குவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்புக்கு வா" என்றாள். கிளப் என்றதும் சீட்டாட்டம் என்று நினைத்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று உருளைக்கிழங்கு உள்ளே வைத்து நாற்பது பற்றீஸ் பொரித்துக்கொண்டு போனேன்.

முதல் வெடிச் சத்தத்துக்கு நான் பற்றீஸ் பெட்டியோடு மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. உடம்பு என்னைக் கேட்காமலே போய்விட்டது. ஊரில் போர்க்காலத்தில் பங்கர்க் குழிக்குள் குதித்துக் குதித்துப் பழகிய உடம்பு அது. தோழி பதறவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு தானும் மேசைக்கு அடியில் வந்து இருந்துகொண்டு, ஒரு பற்றீஸை எடுத்துக் கடித்து, "இது மிக நன்றாக இருக்கிறது" என்றாள்.

நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த நேரம் பார்த்து, வரிசைக்குப் பின்னால் நின்ற ஒருவர் "சீஸ் ஃபயர்" என்று சத்தம் போட்டார்.

எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு துவக்கு, ஒரு சொல்லுக்கு அப்படியே நின்றுவிட்டன. குண்டுகளைக் கழற்றிவிட்டு, துவக்குகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் "நீ முதலில் நிப்பாட்டு" என்று சொல்லவில்லை. போர்நிறுத்தம் என்ற சொல்லை நான் என் இளவயதில் எத்தனையோ தரம் வானொலியில் கேட்டிருக்கிறேன். அது வேலை செய்ததை என் கண்ணால் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மேசைக்கு அடியில் இருந்து, ஒரு கையில் பற்றீஸோடு.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு பாயில் குப்புறப் படுத்து, தோழியின் ரைபிளால் முதல் தரம் சுட்டேன். வட்டத்தின் விளிம்பில் பட்டது. என் வாழ்நாளில் துவக்கு எப்போதும் வேறு யாருடைய கையிலோதான் இருந்தது. இப்போது அது என் கையில் இருந்தது, நான் விரும்பினால் கீழே வைக்கலாம். இதை யாருக்காவது விளக்கிச் சொல்ல முயன்றால், கேட்பவர்கள் என் கணவரைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே சொல்வதை விட்டுவிட்டேன்.

லைசன்ஸுக்கு எழுதிப் போட்டபோது அவர் ஒன்றும் தடுக்கவில்லை. "வெடிச் சத்தம் கேக்கிற இடத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு தேடிப் போற ஆள் உலகத்தில நீர் ஒராள்தான்" என்று மட்டும் சொன்னார். அவர் ஒரு நாளும் கிளப்புக்கு வந்ததில்லை. புதுவருட வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிற மனிதர். நானும் கூப்பிட்டதில்லை.

இரும்புப் பெட்டியைச் சுவரில் பூட்டிய பிறகு அதைச் சரிபார்க்கப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். சீருடையில் ஒரு ஆள் வீட்டுக்கு வரப்போகிறார் என்றதும் என் கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். மேசையில் எங்கள் கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், கலியாணப் பதிவு, வீட்டு உறுதி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்தார். வந்தவர் இருபத்தைந்து வயதுப் பெடியன். பெட்டியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார், ஒரு படிவத்தில் சரி போட்டார், ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்தப் பத்திரங்களை ஒருவரும் பார்க்கவில்லையே என்று என் கணவருக்குப் பெரிய மனவருத்தம். கடைசியில் எங்கள் கலியாணப் பதிவையாவது பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பெடியன் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்து, "வாழ்த்துகள்" என்றார்.

பெட்டி படுக்கை அறையில் இருந்தது. வீட்டுக்கு வருகிற பெண்கள் ஜாக்கெட் கழற்றி வைக்க அந்த அறைக்குத்தான் போவார்கள். "இதுக்குள்ள என்ன?" என்று ஒரு அன்ரி கேட்டபோது, நான் வாய் திறக்க முன்பே என் கணவர் "நகை" என்றுவிட்டார். ஒரு மாதத்துக்குள், பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலில் எங்களைப் பற்றிய கதை முற்றிவிட்டது. ஆளுயர இரும்புப் பெட்டி நிறைய நகை வைத்திருக்கிறார்களாம், ஆனால் பாருங்கோ, கோயிலுக்கு ஒரு மெல்லிய சங்கிலிதான் போட்டுக்கொண்டு வருகிறாள். திருவிழா உபயம் ஒன்றுக்கு எங்கள் பெயர் மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசிக்கப்பட்டது. கள்ளர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் கடைசியில் நானே அன்ரியிடம் உண்மையைச் சொன்னேன். "அன்ரி, அது நகை இல்லை, துவக்கு."

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நகை எண்டே சொல்லு பிள்ளை" என்றார்.

இப்படியாக ஒன்பது வருடங்கள் போயின. அதன் பிறகுதான் அந்த ஜூன் மாதக் காலை.

"துவக்கையும் கொண்டு போவம். அதுவும் எங்கட பிள்ளைதானே" என்றார் அவர்.

"சும்மா கொண்டு போகேலாது. இந்த லைசன்ஸ் விக்டோரியாவுக்கு. அங்க போனா அங்கத்தையச் சட்டம். புதுசா எழுதிப் போடவேணும். ஏதாவது கிளப்பில சேரவேணும். பெட்டி எங்க பூட்டுறது எண்டு பாக்கவேணும். அதுவரைக்கும் துவக்கைக் கடைக்காரரிட்ட ஒப்படைக்கவேணும்."

"இவ்வளவும் எப்ப விசாரிச்சீர்?"

உண்மையில் நான் விசாரித்தது போவதற்காக இல்லை. போகாமல் இருப்பதற்கு நல்ல காரணம் கிடைக்குமா என்று பார்ப்பதற்காக. எனக்கு மெல்பேர்னை விட மனம் இல்லை. வேலை இருந்தது, தோழி இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை இருந்தது. சட்டதிட்டங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன், அவர் பொலிஸ்காரருக்குப் பத்திரங்கள் அடுக்கியது போல.

அவரும் விடவில்லை. சாப்பிடும்போது, "உமக்கும் சூடு வேணும், எனக்கும் சூடு வேணும். ரெண்டு சூடும் ஒரே இடத்தில கிடைச்சா நல்லதுதானே" என்பார். நான் சிரிப்பேன். பிரிஸ்பேனில் அவருடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர் வெறும் மேலோடு சாரம் கட்டிக்கொண்டு, கையில் மாம்பழத்தோடு நிற்கிற படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். படம் வந்ததும் என் கணவர் அதை எனக்கு முன்னால் பிடித்து, "இதுவும் அவுஸ்திரேலியாதானாம்" என்பார்.

சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற மகளுக்குத் தொலைபேசியில் முறைப்பாடு போனது. அவள் வீடியோவில் என்னை முறைத்துப் பார்த்தாள். "அம்மா, சீரியஸ்லி? யூ ஆர் ஸ்டேயிங் பிகாஸ் ஆஃப் எ கன்?"

"துவக்குக்காக இல்லை" என்றேன்.

"தென் வாட்?"

"சட்டம் அப்பிடி" என்றேன். பிறகு சட்டியில் ஏதோ கருகுகிறது என்று சொல்லித் தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். சட்டி அடுப்பில் இருக்கவே இல்லை.

ஒரு வருடம் இழுத்தேன். அடுத்த குளிர்காலம் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு, காற்றும் தூறலுமாக இருந்தது. நான் வழக்கம்போலக் காலையில் கிளப்புக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகச் சுட்டேன். எல்லாம் நடுவிலேயே பட்டது. அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தேன்.

அவர் வீட்டு வாசல் படியில் இருந்தார். இரண்டு கைகளையும் கமக்கட்டுக்குள் செருகியிருந்தார். பக்கத்தில் பாணும் பாலும் ஒரு பையில் கிடந்தன. கதவைத் திறக்கிற திறப்புக் கோர்வை படியில் விழுந்து கிடந்தது.

"துவக்குக்காரி வந்திட்டா" என்றார். பல்லுக் கிடுகிடுத்தது.

"ஏன் வெளியில இருக்கிறியள்?"

"சும்மா. காத்து வாங்கிறன்."

கையை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுக்க விரும்பவில்லை. நானே இழுத்தேன். விரல்கள் நுனியிலிருந்து இரண்டாம் மூட்டு வரை வெள்ளை வெளேரென்று, மெழுகில் செய்தவை போல இருந்தன. கடைக்கு நடந்து போயிருக்கிறார். கையுறையை மறந்துவிட்டார். திரும்பி வந்தபோது விரல்கள் மரத்து, திறப்பைப் பிடிக்க முடியவில்லை. மூன்று தரம் விழுந்ததாம். என்னைக் கூப்பிடக் கைபேசியைத் தட்டியிருக்கிறார். அந்த விரல்களைக் கைபேசி விரலென்றே ஏற்றுக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரமாக அங்கேயே இருந்திருக்கிறார்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய், இளஞ்சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். விரல்கள் முதலில் நீலமாகி, பிறகு சிவந்தன. சிவக்கும்போது நோவு எடுக்கும் போலிருக்கிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"மூண்டு வருசம் இருக்கும். பஸ் ஓடேக்கயே வந்திட்டுது. டொக்டர் ஏதோ பேர் சொன்னவர். குளிர் இல்லாத இடத்தில இருந்தாக் குறையுமாம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒவ்வொரு நாளும் சொன்னனான்தானே" என்றார்.

மெல்பேர்ன், நாலு. பிரிஸ்பேன், பத்தொன்பது. நான் "ஓம்" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இரத்தத் துளிக்குள் எது சரி எது பிழை என்று சம்பளத்துக்குப் பார்த்துச் சொல்கிறவள், எதிர்க் கதிரையில் இருந்தவரின் கையைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவர் கலங்கிப்போய், "இப்ப என்ன, விரல் விழுந்திட்டுதே? பத்தும் கிடக்கு, எண்ணிப் பாரும்" என்றார். நான் உண்மையிலேயே எண்ணினேன்.

டொக்டரின் கடிதத்தைத் தேடி அவருடைய மேசை லாச்சியைத் திறந்தபோதுதான் அந்தக் கொப்பி கிடைத்தது. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. பக்கத்துக்கு ஒரு ஊராக, பிரிஸ்பேனைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரிகள்: கோயில், டொக்டர், தமிழ்க் கடை, துவக்கு. எதிரே எத்தனை நிமிடம் என்று எழுதியிருந்தார். சில இடங்களில் துவக்கு என்ற வரிக்கு எதிரே "ஒண்டரை மணித்தியாலம், சரிவராது" என்று அந்த ஊர் முழுவதுமே குறுக்குக் கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில், "இருபது நிமிசம். செக்ரட்டரியோட கதைச்சனான். நல்ல மனுசன். பொம்பிளையளும் வருவினமாம்" என்று இருந்தது.

வெடிச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் ஓடுகிற மனிதர், துவக்குக் கிளப்புகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, பெண்கள் வருவார்களா என்று விசாரித்திருக்கிறார். கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் காலையில் அவர் கைபேசியைத் தூக்குவதற்கு முன்பே, "டிக்கெட் போடுங்கோ, போய்ப் பாப்பம்" என்றேன்.

"என்ன, சட்டம் மாறிட்டுதே?" என்றார்.

பிரிஸ்பேன் நண்பர் விமான நிலையத்துக்கு வந்து எங்களைக் காரில் ஏற்றினார். சாரத்தோடுதான் வருவார் என்று எதிர்பார்த்தேன். நல்லவேளை, காற்சட்டை போட்டிருந்தார். மறுநாள் நாங்கள் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, கொப்பியில் இருந்த இருபது நிமிட ஊருக்குப் போனோம்.

அங்கே விற்பனைக்கு இருந்த வீட்டைக் கண்டதும் என் கணவருக்குக் காதல் வந்துவிட்டது. உயரமான தூண்களின் மேல் நிற்கிற பழைய மர வீடு. முன்னால் நீளமான விறாந்தை. பின்னால் மாமரம். வேலியோரம் யாரோ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலை. அவர் மாமரத்துக்குக் கீழே போய் நின்று, கையை விரித்து, வெயிலில் விரல்களைத் திருப்பித் திருப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் சுவர்களைத் தட்டினேன். எல்லாம் மெல்லிய பலகை. இரும்புப் பெட்டியை எதில் பூட்டுவது? ஒவ்வோர் அறையாகப் போய், காதை வைத்து, டொக் டொக்கென்று தட்டிக் கேட்டேன். வீடு காட்ட வந்த ஏஜென்ட், இளம் பெண், என் பின்னாலேயே வந்தாள். நான் தட்டத் தட்ட அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. மூன்றாவது அறையில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், கறையான் பழைய கதை. எல்லாம் திருத்தியாகிவிட்டது. அறிக்கை என்னிடம் இருக்கிறது" என்றாள்.

நான் கறையானைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு, "அறிக்கையைத் தாங்கோ, பாப்பம்" என்றேன். என் கணவர் யன்னலுக்கு வெளியே நின்று, எங்கே சிரித்துவிடுவாரோ என்று மாமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து கிளப்புக்குப் போனோம். ஊருக்கு வெளியே, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. செக்ரட்டரி அரைக் காற்சட்டை போட்ட பெரிய மனிதர். விருந்தாளியாக வந்து சுட்டுப் பார்க்கும்படி கிளப் ரைபிளைத் தந்தார். என் கணவர் காரை மிகத் தொலைவில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளேயே இருந்தார். நான் போய்ப் பாயில் படுத்தேன்.

சுடும்போது எனக்கு உலகம் கிடையாது. நாற்பது குண்டும் முடிந்து, நிறுத்தச் சொல்லிக் குரல் வந்து, துவக்கை வைத்துவிட்டு, முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி ஒருமாதிரி எழும்பித் திரும்பினால், பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருந்தார். தலையில் பெரிய காது மூடி. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இரண்டு கைகளும் கதிரையின் பிடியைப் பிடித்திருந்த பிடியில், விரல்கள் இந்தத் தரம் குளிரில்லாமலே வெளுத்திருந்தன. செக்ரட்டரி காருக்குப் போய் ஒன்றுமே கேட்காமல் காது மூடியை நீட்டினாராம். இவர் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கிவிட்டாராம்.

நான் அவருடைய தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது. எப்பிடி இருந்தது?"

காது மூடியைக் கழற்றினார். "சத்தம் பரவாயில்லை. நீர் எழும்பிறதைத்தான் பாக்க ஏலாமல் கிடக்கு. மாடு எழும்பிற மாதிரி."

"கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆளுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுக்கு மட்டும் திறந்தனான்."

தேத்தண்ணி குடிக்கும்போது செக்ரட்டரியிடம் மர வீட்டைப் பற்றியும் என் பெட்டிப் பிரச்சினையையும் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தூண் வீடா? கீழே சீமெந்துத் தரையோடு சாமான் அறை ஒன்று இருக்குமே. இங்கே எல்லோரும் பெட்டியை அங்கேதான் தரையில் பூட்டுவோம்" என்றார். வீடு முழுவதும் தட்டிப் பார்த்தவள் கீழே பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தோம். இருந்தது. ஏஜென்ட் பெண், நான் சீமெந்துத் தரையைக் காலால் உதைத்துப் பார்ப்பதைக் கண்டு, இந்த மனுசி எதற்குத்தான் வந்தாளோ என்று நினைத்திருப்பாள்.

மெல்பேர்ன் வீட்டை விற்று, வேலையிலிருந்து விலக எழுதிக் கொடுத்து, சாமான் கட்டி முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. ரைபிளைத் துவக்குக் கடைக்காரர் வழியாகத்தான் அனுப்பினேன். அதை அவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அன்று, வெறும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். "இனி உண்மையிலேயே நகை வைக்கலாம்" என்றார் அவர். அன்ரியிடம் பயணம் சொல்லப் போனபோது, "அந்தச் சாமானையும் கொண்டே போறியள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஓம் அன்ரி" என்றேன். "கவனம்" என்றார். யாருக்குக் கவனம் என்று சொல்லவில்லை.

தோழியிடம் விடைபெற்றதுதான் கடினமாக இருந்தது. கிளப்பில் கடைசி ஞாயிறு அவள் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தாள். சுட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்றைக்கு நடுங்குகிறது" என்றாள்.

குயின்ஸ்லாந்து லைசன்ஸ் வர மேலும் பத்து மாதம் எடுத்தது. அவ்வளவு காலமும் நான் கிளப்புக்குப் போய் மற்றவர்களின் காகிதங்களில் புள்ளி எண்ணிக் கொடுத்தேன். சீருடையோடு வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போன பெண்ணுக்கு என் கணவர் இந்தத் தரம் கழுத்துப்பட்டி கட்டவில்லை. சாரத்தோடு நின்று பலாப்பழம் வெட்டிக் கொடுத்தார்.

கடைசியில் என் ரைபிள் என் கைக்கு வந்து, புது ஊரில் முதல் தரம் சுட்ட நாள் ஒரு ஜனவரி ஞாயிறு. தகரக் கொட்டகைக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. முழங்கை பாயில் வழுக்கியது. பத்து வருடத்துக்கு மேல் நடுவட்டத்தில் சுட்டவள், அன்றைக்குக் காகிதம் முழுக்க அம்மை போட்டது போலச் சுட்டு வைத்தேன். இரண்டு குண்டுகள் பக்கத்தில் சுட்டவரின் காகிதத்தில் கிடந்தன. அவர் எழுந்து வந்து எனக்கு நன்றி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் கணவரைத் தேடினேன். அவர் காரிலும் இல்லை, பின்னால் கதிரையிலும் இல்லை. கொட்டகையின் மறுகோடியில், காது மூடியைத் தலையில் மாட்டியபடி, கிளப்பின் பெரிய கேத்தலுக்கு முன்னால் நின்றார். வீட்டிலிருந்து இஞ்சியும் ஏலக்காயும் கொண்டுவந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. இந்த வெக்கையில் இஞ்சித் தேத்தண்ணியை யார் குடிப்பார்கள் என்று நான் கேட்க வாயெடுத்தபோது, செக்ரட்டரி தன் குவளையை இரண்டாம் தரம் நீட்டிக்கொண்டிருந்தார்.

என் காகிதத்தை அவரிடம் காட்டினேன். காது மூடியைக் கழற்றாமலே வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, கவனமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "எல்லா இடத்திலயும் பட்டிருக்கு."